பச்சைப் பெட்டியின் மூன்று குமிழ்கள்

புக்கால்பா,
12 அக்டோபர் 1977

அன்புள்ள தம்பி லிசார்தோவுக்கு,

அக்கா அர்சேனியா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழை வந்தால் வரும், வெயில் வந்தால் போகும். அவள் வாய்க்கு மட்டும் எந்தப் பருவத்திலும் ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? மர அறுவை மில்லில் உன் இரண்டு விரல்கள் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். லிமாக் குளிரில் அந்த இடம் வலிக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவளுக்கு நீ ஒரு வரிகூட எழுதுவதில்லை. எனக்கு வரும் உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டும்போது உன் பெயர் வந்ததும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

ஒரு செய்தி. நீயும் ரொசெந்தோ அண்ணனும் சேர்ந்து தொடங்கிய பூஃபேயோஸ் குழுவில், உனக்குப் பிறகு கிட்டார் வாசித்தானே வில்மெர், அவன் போய்விட்டான். ரேயோஸ் குழுக்காரர்கள் பளபளப்புச் சட்டை தைத்துக் கொடுத்துக் கூப்பிட்டார்கள். அந்தச் சட்டையைத் தைத்தவளே நான்தான் என்பது வேறு விஷயம். ரொசெந்தோ அண்ணன் தன் டிம்பல் கொட்டுகளின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "கிட்டார் இல்லாம கும்பியா ஆட்டப்பாட்டு வாசிச்சா, மீன் போடாத மீன் சூப் மாதிரிதான் இருக்கும்" என்று ஊரெல்லாம் புலம்பல்.

இப்போது ஒருவர் கிடைத்திருக்கிறார். புதியவர்தான், ஆனால் உன் பாட்டுகள் எல்லாம் அவருக்குத் தெரியும். உன் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பச்சைப் பெட்டியைக் கேட்கிறார். காலால் அழுத்தினால் கிட்டாரின் ஓசை அலை அலையாகப் புரளுமே, அந்த ஃபேஸர். மேலே மூன்று குமிழ்கள் இருக்கின்றன, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. எது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் எப்படித் திருப்ப வேண்டும் என்றும் எழுது. உனக்குக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் அக்கா,
அர்சேனியா


லிமா,
3 நவம்பர் 1977

அக்காவுக்கு,

நலம். பருரோ தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கை வலிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்.

பெட்டியைக் கொடுத்துவிடு. எனக்கு இனி அது எதற்கு? இடப்பக்கக் குமிழ் வேகம். நடுவில் இருப்பது ஆழம். வலப்பக்கம் இருக்கும் மூன்றாவதை முழுக்க இடது பக்கம் திருப்பி வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருக்கச் சொல். புதிய பையனுக்கு என் வாழ்த்து.

லிசார்தோ


புக்கால்பா,
20 நவம்பர் 1977

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வலிக்கலையாமா? அப்ப வலிக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

நேற்று ரொசெந்தோ அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஒத்திகை. புதியவர் வேகம், ஆழம் இரண்டையும் முழுக்கத் திருப்பிவிட்டுக் கம்பியைத் தட்டினார். கோழிகள் எல்லாம் கூரைக்குப் பறந்துவிட்டன. ரொசெந்தோ அண்ணன் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, "என்ன எழவு இது! தண்ணிக்குள்ள முங்கிச் சாகுறவன் ஆளைக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றார். பாடகன் விழுந்து விழுந்து சிரித்தான். புதியவரின் முகம் சிவந்துவிட்டது.

பிறகு இரண்டையும் அடியோடு குறைத்தார். அப்போது பெட்டி இருப்பதே தெரியவில்லை. வேகத்தை மட்டும் கூட்டினால் மேசை விசிறி முன்னால் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. ஆழத்தை மட்டும் கூட்டினால் ஒரு வரி வாசித்து முடித்த பிறகுதான் அலை மெல்ல வந்து சேர்கிறது. நீ வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் ஈரமாக இருக்கும், ஆனால் மூழ்காது. அதை எப்படிக் கொண்டுவந்தாய்?

தொட வேண்டாம் என்று சொன்ன மூன்றாவதை அவர் தொடவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அர்சேனியா


லிமா,
15 டிசம்பர் 1977

அன்புள்ள அக்கா,

நலமா? அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்.

உன் கடிதத்தில் அந்தக் கோழிகளைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று. அதனால் ஒழுங்காகவே பதில் எழுதுகிறேன். சொத்தேலோ என்று இங்கே பருரோ தெருவில் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இத்தனை வருடம் வாசித்த எனக்கே பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது என்பதை அவர் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன்.

கிட்டாரின் ஓசை உள்ளே போனதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேர்வழியில் போகிறது. மற்றது சுற்றுவழியில் போய் இம்மியளவு பின்தங்கி வருகிறது. இரண்டும் திரும்பச் சேரும்போது சில ஓசைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், சில ஒன்றையொன்று அழித்துவிடும். அப்படி அழியும் இடம் ஒரே இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கிறது. அதுதான் நம் காதுக்கு அலை. வேகக் குமிழ் என்பது அது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது. ஆழக் குமிழ் என்பது அது எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்பது. அவ்வளவுதான்.

இப்போது வழி. இரண்டையும் பாதியில் வை. வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஆழத்தைக் குறை. ஆழத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வேகத்தைக் குறை. இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் முங்கிச் சாவது. மெட்டு வாசிக்கும்போது குயிரோச் சுரைக்குடுக்கையைச் சுரண்டுகிறவனை எண்ணச் சொல்: அவன் எட்டு முறை சுரண்டி முடிப்பதற்குள் அலை ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். பாட்டின் ஓட்டத்தோடு அலை நடந்தால் ஆடுகிறவர்களின் இடுப்புக்கு அது தானாகப் புரியும்.

மூன்றாவது குமிழ், வெளியே வந்த ஓசையில் கொஞ்சத்தைத் திரும்ப வாசலுக்கே அனுப்புவது. கூட்டினால் அலைக்கு மூக்கு முளைக்கும். இன்னும் கூட்டினால் ஊளையிடும். அதை விட்டுவிடச் சொல்.

வாசித்து முடித்ததும் கிட்டார் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்; செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். அந்தப் பையன் பெயர் என்ன?

அன்புடன்,
லிசார்தோ


புக்கால்பா,
20 பிப்ரவரி 1978

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மலைச்சரிவில் சாலை அடைந்து கிடந்ததால் உன் கடிதம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

நீ எழுதியபடியே செய்தோம். கார்னிவலுக்கு நம் தெரு முனையில் உமிஷா மரம் நட்டு, ஆடிக்கொண்டே வெட்டி வீழ்த்தியதும் ஆளாளுக்கு அள்ளிக்கொள்ள வாளியும் போர்வையும் பிளாஸ்டிக் தட்டும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பூஃபேயோஸ்தான் வாசித்தது. முதல் பாட்டிலேயே அலை குயிரோவோடு ஒட்டிக்கொண்டது. தம்பி, அது ஒட்டிக்கொள்ளும்போது தெரிகிறது பார், பாதத்துக்கு அடியில் தரையே ஒரு படகுபோல லேசாக அசைகிறது; கை எங்கே போக வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், அலை ஏறும் இடத்தில் விரலும் ஏறுகிறது. கோடாலியோடு மரத்தைச் சுற்றி வந்தவர்கள் வெட்டவே மறந்து ஆடினார்கள். மரம் விழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. வாளிக்காகக் காத்திருந்த அம்மா, "உங்க வாசிப்புல மரமும் சேர்ந்து ஆடுது, விழமாட்டேங்குது" என்று திட்டினாள்.

பெயர் கேட்டிருந்தாய். தாள் தீர்ந்துவிட்டது, அடுத்த முறை எழுதுகிறேன்.

அர்சேனியா


புக்கால்பா,
6 மார்ச் 1978

தம்பி லிசார்தோ,

ரொசெந்தோ எழுதுறேன். சௌக்கியமா? எனக்கு எழுத வராது, பேசுறதையே எழுதிடுறேன், கோவிச்சுக்காதே.

உங்க அக்கா உன்கிட்ட என்ன கதை விட்டுருக்கான்னு நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. புதியவராம், பையனாம்! ஒரு பையனும் இல்லப்பா. அர்சேனியாதான் வாசிக்கிறா. அக்டோபர்லயிருந்து அவதான் எங்க கிட்டார். உன் கிட்டார், உன் பெட்டி, உன் பாட்டு. ஆனா கை அவ கை. சொல்லணும்னா சொல்லிடுறேன்: உன்னைவிட நல்லா வாசிக்கிறா. நீ வேகமா வாசிப்பே, இவ பேசுற மாதிரி வாசிக்கிறா.

இப்ப விஷயம் என்னன்னா, சான் ஹுவான் திருநாளுக்கு யரினாகோச்சா ஏரிக்கரையில குழுக்களுக்குள்ள போட்டி வெச்சிருக்காங்க. ஜெயிக்கிற குழுவுக்கு லிமாவில இசைத்தட்டுப் பதிவு. ரேடியோவில அறிவிப்பாங்க, பேப்பர்ல பேர் போடுவாங்க. இவ மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குறா. "ஏம்மா?"ன்னா, "பேப்பர்ல வந்தா லிசார்தோ படிப்பான். அவன் நாற்காலில நான் உட்கார்ந்துட்டேன்னு நினைப்பான். அவனுக்கு அது ரெண்டாவது தடவை விரல் போன மாதிரி"ங்குறா.

நான் என்ன பண்ணட்டும்? வேற வழியில்லாம நானே போட்டு உடைச்சிட்டேன். இனிமே நீயாச்சு, உங்க அக்காவாச்சு. ஒரு வரி அவளுக்கு எழுதிப் போடு.

ரொசெந்தோ கச்சீக்கே


புக்கால்பா,
10 ஏப்ரல் 1978

அன்புள்ள லிசார்தோ,

ரொசெந்தோ அண்ணன் உனக்கு எழுதிவிட்டதாகச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தினமும் தபால் நிலையத்துக்குப் போய் வெறுங்கையோடு வருகிறேன். நீ நலமாக இருந்தால் போதும் என்று எழுத நினைத்தேன். ஆனால் அது போதாது.

நானே சொல்கிறேன். நீ கட்டிலில் உட்கார்ந்து பழகும்போது நான் ஐந்தடி தூரத்தில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். ஏழு வருடம் அப்படித்தான். நீ மில்லுக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, நீ தப்பாக வாசித்த இடங்களையெல்லாம் சரியாக வாசித்துப் பார்ப்பேன். அம்மாவுக்குத் தெரியும். நீ திரும்பி வரும் நேரம் ஆனால் வாசலில் நின்று இருமுவாள்.

உன் கை போன பிறகு ஒரு வருடம் நான் கிட்டாரைத் தொடவில்லை. தொட்டால் திருட்டுபோல் இருந்தது. பிறகு ஒரு மழைநாளில் தொட்டேன். அது திருட்டாக இல்லை, லிசார்தோ. பசியாக இருந்தது.

உன்னிடம் சொல்லாதது என் தப்பு. வாசித்தது தப்பில்லை. நிறுத்து என்று நீ எழுதினால், போட்டிக்குப் போகாமல் இருப்பேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதை இனி என்னால் நிறுத்த முடியாது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எப்போதும் உன்,
அர்சேனியா


லிமா,
14 மே 1978

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது.

கோபம் இருந்தது. நீ வாசிக்கிறாய் என்பதற்கு இல்லை. ரொசெந்தோ அண்ணன் எழுதுவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'பாதத்துக்கு அடியில் தரை படகுபோல அசைகிறது' என்று மேடையில் நிற்காதவர் எழுத முடியாது. நீ என்மேல் பரிதாபப்பட்டு மறைத்தாயே, அதற்குத்தான் கோபம். என்னை அவ்வளவு சின்னவனாகவா நினைத்தாய்?

இதை எழுதிவிட்டு நானே வெட்கப்பட்டேன். ஏனென்றால் மறைத்தது நீ மட்டுமில்லை. நான் ரேடியோ கடையில் வேலை பார்க்கவில்லை. இரண்டு வருடமாக லா பரதா சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன். பாட்டு கேட்கும் தெருவாக இருந்தால் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போவேன். அம்மாவுக்கு எழுதினால் அந்தப் பொய்யை அவள் பெயர் போட்ட தாளில் எழுத வேண்டுமே என்றுதான் எழுதவில்லை.

நீ குமிழ்களைப் பற்றிக் கேட்டாய். நவம்பரில் பதில் தெரியாமல் மொட்டையாக எழுதினேன். கோழிக் கடிதம் வந்தபிறகு பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டைத் தூசியோடு பருரோ தெருவுக்கு நடந்து போய்ச் சொத்தேலோவின் கடை முன்னால் நின்றேன். "என்ன வேணும்?" என்றார். "ஃபேஸருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உட்காரு" என்றார். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். பற்றவைக்கும் இரும்பைப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், அக்கா. மார்ச்சில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதலில் எழுதியது பொய். இப்போது அது உண்மையாகிவிட்டது. உன் கேள்வியால் ஆனது.

இன்னொன்று. மூன்றாவது குமிழைத் தொடாதே என்று ஏன் சொன்னேன் தெரியுமா? அது எனக்கு அடங்கவில்லை. மேடையில் ஒருமுறை ஊளையிட்டு என்னை அவமானப்படுத்தியது. அதிலிருந்து பயம். என் பயத்தை உனக்குச் சட்டமாக எழுதி அனுப்பிவிட்டேன். அதைத் தொடு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்.

போட்டிக்குப் போ. அது என் நாற்காலி இல்லை. அங்கே நாற்காலியே கிடையாது, நின்றுகொண்டுதானே வாசிக்கிறோம்.

உன் தம்பி,
லிசார்தோ


புக்கால்பா,
27 ஜூன் 1978

என் கண்ணான தம்பிக்கு,

எல்லோரும் நலம், நலத்துக்கும் மேலே! வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் கொட்டிவிடுவேன்.

சான் ஹுவான் அன்று பாதி ஊர் ஏரிக்கரையில் இருந்தது. எங்கு பார்த்தாலும் இலைப்பொட்டலம் பிரித்த ஹுவானே சோறு, தண்ணீரில் குதிக்கிற கூட்டம். ஐந்து குழுக்கள். நாங்கள் கடைசி, எங்களுக்கு முன்னால் ரேயோஸ். மேடைக்குப் பின்னால் வயரைச் செருகிப் பெட்டியை மிதித்தேன். அலை இல்லை. வெறும் கிட்டார். வேகத்தைத் திருப்பினேன், ஆழத்தைத் திருப்பினேன், ஒன்றுமில்லை. புதுப் பேட்டரி போட்டேன். அப்போதும் இல்லை. மூன்று நாள் மழைப் புழுக்கத்தில் உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது.

வில்மெர் நான் தைத்த அதே சட்டையில் வந்து நின்றான். "என்னக்கா, தையல் மெஷினுக்கு எண்ணெய் போட மறந்துட்டீங்களா? பொம்பளைங்க மேடையேறினா பாடலாம், ஆடலாம். இதெல்லாம் எதுக்கு?"

"எண்ணெய் போட்டாச்சு தம்பி, ஊசிதான் மாத்துறேன். நீ போய் வாசி. சட்டை தோள்ல கிழியப்போகுது, கையை ரொம்பத் தூக்காதே" என்றேன். ரொசெந்தோ அண்ணன் என் காதருகே வந்து, "அலை இல்லாமலே வாசிச்சிடலாம்மா" என்றார். ஆனாலும் "அரைமணி நேரம் குடுங்க" என்றேன்.

தையல் பையில், மெஷினின் அடிநூல் இருக்கும் பாபின் கேஸுக்கான குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதன் நடுவே ஒரு சின்னப் பிளவு. திருப்புவதற்கென்றே யாராவது வைத்திருக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவருக்கு ஏற்ற பிளவு அங்கே இருக்காது என்று தோன்றியது. பாபின் கேஸிலும் இப்படி ஒன்றுதான் நூலின் இறுக்கத்தைப் பிடிக்கிறது. கால் சுற்று தப்பினால் தையல் முழுக்கச் சுருங்கிப்போகும். முதலில் தையல் சாக்கட்டியால் அது இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன், கெட்டுப்போனால் திரும்பி வர. பிறகு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

மேடையில் ரேயோஸ் முழங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையர் துணியில் காதை ஒட்டவைத்தும் அலை வருகிறதா இல்லையா என்று பிடிபடவில்லை. அப்போதுதான் உன் மூன்றாவது குமிழ் நினைவுக்கு வந்தது. மூக்கு முளைக்கும் என்றாயே! அதைப் பாதிக்கு மேல் ஏற்றினேன். இருந்தால் இப்போது இரைச்சலிலும் தெரிந்தாக வேண்டும். திருப்பினேன்... இல்லை. இன்னும் கொஞ்சம்... இல்லை. இன்னும் ஒரு மயிரிழை. லிசார்தோ, ஆற்றுக்குள்ளிருந்து டால்பின் மூச்சு விடுவதுபோல ஒரு 'ஊஉவ்'! கொஞ்சம் தாண்டினேன், செத்துவிட்டது. பின்னால் வந்தேன், மறுபடி உயிர். அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிறுத்தி மூடியைப் போட்டேன்.

மேடை ஏறியபோது மூன்றாவது குமிழைக் குறைக்கவில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்தேன், ஆழத்தை முக்கால். கம்பியை அழுத்தி அடித்தால் அது ஊளையிடுகிறது, மென்மையாகத் தொட்டால் பாடுகிறது. உன் காலத்து முரட்டுத்தனத்துக்குத்தான் அது அடங்கவில்லை போலிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நானே கட்டிய மெட்டை வாசித்தேன், வெள்ளம் வடிந்து தெருவில் மறுபடி நடக்கிற மாதிரி ஒன்று. இரண்டாவது சுற்றில் தண்ணீரில் இருந்தவர்கள் இடுப்பளவு நனைந்தபடியே ஆட ஆரம்பித்தார்கள். கரையில் ஹுவானே விற்கிறவள் கரண்டியோடு ஆடினாள். முடித்ததும் விடவில்லை; அதே பாட்டை மூன்று முறை வாசித்தோம். மூன்றாவது முறை கூட்டமே மெட்டைப் பாடியது, வார்த்தையே இல்லாத பாட்டை.

லிமாவிலிருந்து வந்த கறுப்புக் கண்ணாடிக்காரர் மைக்கைப் பிடித்து, "பூஃபேயோஸ்!" என்றார். ரொசெந்தோ அண்ணன் என்னை அப்படியே தூக்கிவிட்டார். வில்மெர் வந்தான். "அக்கா, அது என்ன பெடல்?" என்றான். "பெடல் நீ விட்டுட்டுப் போன குழுவோடதுதான்ப்பா" என்றேன். அம்மா முன் வரிசையில் அழுதுகொண்டே பக்கத்திலிருந்தவளை இடித்து, "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று அவள் விலா நோகும்வரை சொன்னாளாம்.

ஆகஸ்டில் லிமாவுக்கு வருகிறோம். உன்னைப் பார்க்கப் போகிறேன்!

உன் அக்கா,
கிட்டார் வாசிக்கும் அர்சேனியா


லிமா,
9 ஜூலை 1978

அக்கா!

கடிதத்தைக் கடைக்குள்ளேயே சத்தமாக வாசித்தேன். சொத்தேலோ வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். திருகின இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மீட்டர் இல்லாம, காதால வெச்சாளா? மேடைக்குப் பின்னால, பக்கத்துல ஒரு குழு கத்திக்கிட்டு இருக்கும்போதா?" என்றார். "ஆமா" என்றேன். "அந்தப் பொண்ணு லிமாவுக்கு வந்தா முதல்ல இங்க கூட்டிட்டு வா. எனக்கு அவகிட்ட ரெண்டு சந்தேகம் கேக்கணும்" என்றார். இருபது வருடத் தொழில்காரர்!

நான் வீட்டுக்குப் போகும்போது சுற்றுவழியில் போகவில்லை. பாட்டுப் போடும் தெரு வழியாகவே போனேன்.

சீக்கிரம் வா.

லிசார்தோ


லிமா,
21 ஆகஸ்ட் 1978

என் அம்மாவுக்கு,

உன் மகன் லிசார்தோ எழுதுகிறேன். மூன்று வருடம் எழுதாததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன், இப்போது பாட்டுப் பதிவைப் பற்றி மட்டும் கேள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கை குளிரில் வலிக்கும். உண்மைதான், வலிக்கும்.

நேற்றுக் காலை பதிவு. உன் மகள் அந்தப் பெரிய கண்ணாடி அறைக்குள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நீலக் கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். மற்ற பாட்டுகள் நல்லபடி முடிந்தன. அவளுடைய மெட்டு வந்தபோதுதான் சிக்கல். நடுவில் கிட்டார் மட்டும் தனியாகப் போகிற இடத்தில், அலை மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக விரைவாகி, கடைசியில் மூன்றாவது குமிழும் ஏறி உச்சிக்குப் போக வேண்டும் என்றாள். வாசிக்கிறவளுக்குக் கை இரண்டுதானே? காலால் மிதிக்கலாம், குமிழைத் திருப்ப முடியாது. பதிவு செய்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அம்மா, ஒரே அளவுல வெச்சு வாசிச்சிடுங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "டேய், இங்க வா" என்றாள். "நானா?" என்றேன். "வேற யாரு? பெட்டி யாரோடது? வந்து கீழ உட்காரு."

அம்மா, நான் போய் அவள் காலடியில் முழங்காலிட்டேன். மூட்டை தூக்கிய முழங்கால். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேகத்தில், வலது கை மூன்றாவது குமிழில். ரொசெந்தோ அண்ணன் குச்சியால் நான்கு தட்டினார். அக்கா தொடங்கினாள்.

முதல் தடவை நான் அவசரப்பட்டேன். பெடலை மிதிப்பதுபோலக் காலால் என் விரலில் ஒரு இடி இடித்தாள், தெரிந்தேதான் இடித்தாள். இரண்டாவது தடவை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே திருப்பினேன். அவள் மூச்சு இழுக்கும்போது நான் வேகத்தைக் கூட்டினேன். அவள் விரல் மேலே ஏற ஏற நான் மூன்றாவதை ஏற்றினேன். ஒரு இடத்தில் அது ஊளையிடுகிற விளிம்புக்கு வந்துவிட்டது, நான் கையை எடுக்கப் போனேன். "விடாதே" என்றாள், வாசித்துக்கொண்டே. நான் விடவில்லை. அந்த விளிம்பிலேயே அவள் சுரத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... டிம்பல் வந்து விழுந்தது, எல்லோரும் சேர்ந்தோம். நான் வாசிக்கவில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

வாசித்து முடித்தோம். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடிக்காரர் கை தட்டுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ரொசெந்தோ அண்ணன் வாய்விட்டு அழுதார். அவரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

பிறகு ஒருவர் தாளும் பேனாவுமாக வந்தார், இசைத்தட்டு உறையில் போடப் பெயர் கேட்டு. டிம்பல், பேஸ், பாட்டு எல்லாம் எழுதிக்கொண்டார். "கிட்டார்?"

"அர்சேனியா துவானாமா" என்றாள் அக்கா. "அடுத்த வரியில லிசார்தோ துவானாமா."

அவர் பேனாவை நிறுத்தினார். "ரெண்டு கிட்டாரா? எனக்கு ஒண்ணுதானே கேட்டுச்சு?"

"ஒண்ணுதாங்க. ஆள் ரெண்டு. எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டார், அம்மா. நான் குனிந்து பார்த்தேன், எழுத்துப் பிழைகூட இல்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் அக்காவோடு நானும் வருகிறேன். ஒரு வாரம் சொத்தேலோ விடுமுறை கொடுத்திருக்கிறார்.

உன் மகன்,
லிசார்தோ